டைடோ எலிசபெத் பெல்

ஸ்காட்லாந்தில் ஸ்கோன் அரண்மனைக்குச் சொந்தமான ஓர் ஓவியம் உண்டு. 1779-ம் ஆண்டை ஒட்டித் தீட்டப்பட்டது. இளம்பெண்கள் இருவர், பின்னால் தொலைவில் லண்டன் செயின்ட் பால் ஆலயத்தின் கோபுரம். ஒருத்தி வெள்ளை நிறத்தாள். இளஞ்சிவப்புப் பட்டு, கையில் புத்தகம். மற்றவள் கறுப்பு நிறத்தாள். வெண்பட்டு, இறகு செருகிய தலைப்பாகை, முத்துமாலை, கையில் பழங்கள். விரலைக் கன்னத்தில் வைத்துப் புன்னகை புரிகிறாள்.

ஓவியக் கலை நான் பயின்றதன்று. ஆய்வுக்கூடத்தில், கண்டதை முதலில் குறித்துக்கொள், விளக்கம் பிறகு என்று பழக்கப்பட்டவன். அப்படிப் பார்த்ததில் என் கண் தங்கிய இடம் வெள்ளைப் பெண்ணின் கை. அது தோழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அருகே இழுக்கிறதா, விலகிப் போகச் சொல்கிறதா? விடையை டைடோவின் வாழ்க்கையில் தேடினேன்.

1761-ல் பிறந்தவள் டைடோ. தாய் மரியா, ஆப்பிரிக்க அடிமைப் பெண். தந்தை சர் ஜான் லிண்ட்சே, ஆங்கிலக் கடற்படைத் தலைவர். (இவரை நம்மவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். 1769-ல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியிடம் அரசரின் தூதராக அனுப்பப்பட்டுச் சென்னைக்கு வந்தவர் இவரே.) குழந்தையை வளர்த்தவர் லிண்ட்சேயின் தாய்மாமன் மான்ஸ்பீல்டு பிரபு, இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. பிள்ளையில்லாத அவரது கென்வுட் மாளிகையில், தமையனார் பேத்தி எலிசபெத் மர்ரேயும் தாயின்றி வளர்ந்தாள். ஓவியத்தில் இருப்பவள் அவளே. நம் ஊர்க் கணக்கில் டைடோவுக்கு மாமன் மகள் முறை!

1772-ல் சோமர்செட் என்ற அடிமையின் வழக்கு அப்பிரபுவின் முன் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஓர் அடிமையை வலுவில் கப்பலேற்றி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தார். வீட்டில் ஒரு கறுப்புப் பெண் இருக்கிறாளே, வேறெப்படித் தீர்ப்பளிப்பார் என்று ஜமைக்காத் தோட்ட முதலாளி ஒருவர் முணுமுணுத்தாராம்.

ஆனால் அந்த வீட்டிலேயே ஒரு கோடு இருந்தது. 1779-ல் கென்வுட்டில் விருந்துண்ட தாமஸ் ஹச்சின்சன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: டைடோ விருந்தினரோடு உணவுக்கு அமரவில்லை, உணவு முடிந்தபின் காப்பிக்கு வந்தாள். பிறகு தோட்டத்தில் உலவும்போது இளம்பெண் ஒருத்தியோடு கைகோத்து நடந்தாள். ஹச்சின்சனுக்கு அது பிடிக்கவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. எனக்கோ அந்த வரிகளைப் படித்ததும் ஓவியத்தின் கை விளங்கிவிட்டது. அது இழுக்கும் கைதான். ஆனாலும் இழுபட்டவள் பழம் ஏந்தி நிற்கிறாள், இழுப்பவள் புத்தகம் ஏந்தியிருக்கிறாள் என்பதையும் ஓவியர் மறைக்கவில்லை.

மான்ஸ்பீல்டு 1793-ல் காலமானார். டைடோவுக்கு 500 பவுனும் ஆண்டுக்கு 100 பவுனும் விட்டுச் சென்றார். அதைவிட முக்கியமானது, அவள் சுதந்திரமானவள் என்று உயிலில் தனியே எழுதியது. பேத்தியாக வளர்த்தவளுக்கு இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது! தம் தீர்ப்பு அவளைக் காக்குமா என்று அதை எழுதியவருக்கே நிச்சயமில்லை போலும். இங்கிலாந்து தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது 1833-ல்தான்.

அவ்வாண்டே டிசம்பரில், பிரபு இறந்த சில மாதங்களில், டைடோ ஜான் டாவினியர் என்பவரை மணந்தாள். மூன்று ஆண்மக்கள். 1804-ல் இறந்தாள், பேஸ்வாட்டர் பகுதியில் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்துச் சாமான் பட்டியல் ஒன்று இவ்வோவியத்தைக் குறிக்கும்போது எலிசபெத்தைப் பெயரிட்டு, அருகில் நிற்பவளைக் கறுப்புப் பணிப்பெண் என்று மட்டும் சொல்லிவிடுகிறது.