6,000 செடிகளுக்குப் பெயர் மாற்றிய மேதை

திருமண வீட்டில் எடுத்த படங்கள் ஆயிரம். கணினியில் பார்த்தால், அவற்றின் பெயர்கள் எல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்கார்ந்தால் பொழுது போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் ஒரே ஒரு கட்டளை எழுதுவார்கள். ஆயிரம் பெயரும் நொடியில் மாறிவிடும்!

கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர், ஏறத்தாழ 6,000 செடி கொடிகளின் பெயர்களை மாற்றினார். கையால் எழுதியே மாற்றினார். அவர்தான் சுவீடன் நாட்டு மேதை கார்ல் லின்னேயஸ்.

மரம் தந்த பெயர்

1707-ம் ஆண்டு மே 23-ந்தேதி லின்னேயஸ் பிறந்தார். தந்தை நில்ஸ், கிறிஸ்தவ மதகுரு. செடி வளர்ப்பதில் பிரியம் உள்ளவர்.

அந்த நாளில் அங்கே பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நில்சுக்கு அப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் பெரிய லிண்டன் மரம் ஒன்று நின்றது. அதை நினைத்து, "லின்னேயஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டார்.

வறுமை

மகன் கார்ல், உப்சாலா நகரில் படித்தார். கையில் காசு இல்லை. கிழிந்த பாதரட்சைக்குள் காகிதத்தை வைத்துக்கொண்டு நடந்தார்.

1729-ல் ஒருநாள் பல்கலைக்கழகத் தோட்டத்தில் அவரை ஓலோப் செல்சியஸ் என்ற பேராசிரியர் கண்டார். செடிகளைப் பற்றி இளைஞர் பெற்றிருந்த அறிவு அவரை வியக்க வைத்தது. தம் வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்.

இரண்டே சொல்

அப்போது செடிகளின் பெயர்கள் முழ நீளம் இருந்தன. தண்டு, இலை, பூ என்று அடையாளம் எல்லாம் பெயரிலேயே வரும். தக்காளியின் பெயரைச் சொல்ல வேண்டுமானால், முள் இல்லாத தண்டு, பிளவுபட்ட இலை என்று வர்ணித்துக்கொண்டே போகவேண்டும்!

லின்னேயஸ் ஒரே விதியை எல்லாச் செடிக்கும் வைத்தார். முதல் சொல், இனத்தின் பெயர். இரண்டாவது சொல், அந்தச் செடிக்கு மட்டும் உரியது. 1753-ல் அவர் வெளியிட்ட நூலில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றுக்கும் முதல் சொல் "சொலானம்". இரண்டாவது சொல்தான் வேறு. நம் மாமரம் "மாஞ்சிபெரா இண்டிகா" ஆயிற்று.

பழசை மறக்கவில்லை

மொத்தமாகப் பெயர் மாற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. கணினியில் இரண்டு படங்களுக்கு ஒரே பெயரைக் கொடுத்துவிட்டால், ஒன்று அழிந்தே போகலாம். பழைய பெயரைக் குறித்து வைக்காவிட்டால், எது எது என்று பிறகு தெரியாது.

லின்னேயஸ் இதில் வெகு கவனமாக இருந்தார். ஓர் இனத்துக்குள் இரண்டு செடிக்கு ஒரே பெயர் வரக்கூடாது என்றார். புதிய பெயரின் கீழே, முன்னோர் வைத்த பழைய பெயர்களையும் எழுதினார். பிற்காலத்தில் தனித்தனிக் காகிதத் துண்டுகளில் குறிப்பு எழுதினார். புதிய செடி வந்தால் நடுவில் செருகலாம். தவறு என்றால் இடம் மாற்றலாம்.

அவர் வைத்த பெயர்களிலும் சில பின்னால் மாறின. வேப்ப மரத்தின் பெயர் 1830-ல் மாறியது. ஆனால் அவர் முதலில் வைத்த பெயரும் ஏடுகளில் கூடவே நிற்கிறது.

கடைசி நாட்கள்

1774-ல் லின்னேயசுக்குப் பக்கவாதம் வந்தது. மீண்டும் ஒருமுறை தாக்கியது. நினைவு மங்கியது. தம் பெயரைக்கூட மறந்துவிடுவார் என்று சொல்வார்கள். 1778 ஜனவரி 10-ந்தேதி காலமானார்.

மாமரம் இன்றும் "மாஞ்சிபெரா இண்டிகா"தான். தாவர நூல்களில் அதன் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். லின்னேயஸ் பெயரின் முதல் எழுத்து அது!