விளக்கா, குடமா? ஜே.ஆர். ஜெயவர்தனவும் எங்கள் வீட்டு இரண்டு வாக்குகளும்

1982 டிசம்பர் 22ஆம் திகதி காத்தான்குடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வாக்களிக்கப் போனார்கள். வாப்பா விளக்குக்குப் புள்ளடி போட்டார். உம்மா குடத்துக்குப் போட்டார். உம்மா எதற்குப் போட்டார் என்பது வாப்பாவுக்குப் பல வருடங்கள் தெரியாது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அன்று நடந்தது தேர்தல் அல்ல, சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் வைக்காமல் இன்னும் ஆறு வருடங்களுக்கு நீட்டிக்கலாமா என்பதே கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். கேட்டவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன. ஏறத்தாழ 55 வீதமானோர் விளக்கு என்றார்கள். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்தின் பக்கம் நின்றது. நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த நேரம் அது.

ஜே.ஆரைப் பற்றி எழுதுவதற்கு இப்போது என்ன தேவை என்று சிலர் கேட்கக்கூடும். அவர் இறந்து நீண்ட காலமாகிவிட்டது. ஆனால் அவர் தைத்த சட்டையை நாம் இன்னும் கழற்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1906 செப்டெம்பர் 17இல் கொழும்பில் ஒரு நீதியரசரின் மூத்த மகனாக அவர் பிறந்தார். றோயல் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்துக்கு மாறினார். 1943இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அடுத்த வருடமே சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தமிழையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை முன்வைத்தவர் எங்கள் பக்கத்து உறுப்பினர் வி. நல்லையா. ஜே.ஆர். அதை ஏற்றுக்கொண்டார். வளைந்து கொடுக்கத் தெரிந்தவராகவே அவர் அரசியலுக்கு வந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

1951இல் நிதியமைச்சராக சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போனார். தோற்றுப்போன ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற புத்தரின் போதனையை உலகத்தின் முன்னால் வைத்தார். ஜப்பானியர்கள் இன்றுவரை அதை நன்றியோடு நினைக்கிறார்கள். ஒரு சிறிய நாடு பெரிய இலட்சியமொன்றை உரக்கச் சொன்ன தருணம் அது.

ஆறு வருடங்கள் கழித்து, 1957 ஒக்டோபரில், அதே மனிதர் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். பண்டாரநாயக்க செல்வநாயகத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையை எதிர்ப்பதற்கான பயணம் அது. இம்புல்கொடவில் யாத்திரை மறிக்கப்பட்டது. ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் உடன்படிக்கை கிழிந்தது. அந்நியருக்குக் கொடுத்த மன்னிப்பில் ஒரு துளியைச் சொந்த நாட்டுத் தமிழருக்குக் கொடுக்க அவர் முன்வரவில்லை. இலட்சியம் அவருக்கு மேடையில் அணியும் ஆடையாக மாறியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

1973இல் டட்லி சேனநாயக்க இறந்தபின் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்றார். அப்போது அவருக்கு எழுபது வயது. காத்திருந்து கிடைத்த அதிகாரம் என்பதாலோ என்னவோ, எல்லாவற்றையும் தன் அளவுக்கு வெட்டித் தைக்கத் தொடங்கினார். 1978 பெப்ரவரி 4இல் முதலாவது நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தது. இலங்கையின் ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டு அரசர் வரிசையின் தொடர்ச்சியாகத் தன்னைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குத் தனி விருப்பம் இருந்தது.

அந்த அரசியலமைப்பின் மை காய்வதற்குள் திருத்தங்கள் தொடங்கின. கட்சி மாறும் உறுப்பினர் பதவியிழப்பார் என்ற ஏற்பாடு அவருடைய அரசியலமைப்பிலேயே இருந்தது. 1979 பெப்ரவரியில் இரண்டாம் திருத்தம் அதைத் தளர்த்தியது. அதன் பயனை அனுபவித்தவர் எங்கள் மட்டக்களப்பின் முதலாம் உறுப்பினர் செ. இராசதுரை. தமிழர் விடுதலைக் கூட்டணியிலிருந்து ஆளும் கட்சிக்குப் போய் அமைச்சரானார். ஒருவருக்காக நாட்டின் அடிப்படைச் சட்டம் வளைக்கப்பட்டதை முதலில் கண்ட மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. சூறாவளியில் ஓடுகள் பறந்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சட்டத்தைப் பார்க்கவில்லை. அவருடைய காலத்தில் மொத்தம் பதினாறு திருத்தங்கள் வந்தன.

1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அதே ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழு வருடங்களுக்குப் பறிக்கப்பட்டது. அதனால் 1982 ஜனாதிபதித் தேர்தலில் முக்கிய போட்டியாளர் களத்திலேயே இல்லை. வென்ற கையோடு தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் விளக்கும் குடமும் வந்தன. 1977இல் தெரிவான அந்தப் பாராளுமன்றம் 1988 டிசம்பர்வரை இருந்தது.

தன்மோகம் என்று இதைச் சொல்கிறோம். நான் மருத்துவனல்ல, இறந்த மனிதருக்கு நோய்ப்பெயர் சூட்ட எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஆட்சியில் அதன் அடையாளங்கள் தெளிவானவை. தானும் நாடும் ஒன்று என்று தலைவர் நம்புவார். தன்னை எதிர்ப்பவர் நாட்டை எதிர்ப்பவராகத் தெரிவார். நீதிமன்றம் தனக்கு எதிராகத் தீர்ப்பளித்தால் அது அவமதிப்பாகப் படும். 1983 ஜூனில் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பின் நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் குண்டர்கள் கூச்சலிட்டார்கள். அடுத்த மாதம் கறுப்பு ஜூலை. நான்கு நாட்கள் கழித்துத் தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி, எரிக்கப்பட்ட தமிழருக்காக ஓர் அனுதாப வார்த்தைகூடச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பேசியவரும் இவர்தான். ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது. தமிழரின் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலிருந்து வெளியேறினார்கள். மிச்சம் இருந்த பேச்சும் துப்பாக்கியிடம் போனது.

இனி வாப்பாவிடம் வருகிறேன். அவருக்குப் பிரதான வீதியில் சிறிய புடவைக் கடை. காக்கா உயர்தரம் முடித்து இரண்டு வருடங்களாக வேலை தேடிக்கொண்டிருந்தார். கட்சிக்காரரின் துண்டு இல்லாமல் அரசாங்க வேலை கிடைக்காத காலம். வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து, விளக்கு எரிந்தால் மகனின் காரியமும் வெளிச்சமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாப்பா விளக்குக்குப் போட்டார். அடுத்த வருடம் காக்காவுக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. வாப்பா ஏமாறவில்லை. கேட்டது கிடைத்தது.

உம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்ல. தென்னந்தோப்புக் குத்தகை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். குத்தகை முடிந்தால் கணக்குக் காட்டிவிட்டு, புதிதாகப் பேசித்தான் தோப்பை எடுக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் இன்னும் ஆறு வருடம் தாருங்கள் என்பவனை நம்பக் கூடாது. தான் குடத்துக்குப் போட்டதற்கு அவர் பிற்காலத்தில் சொன்ன காரணம் இவ்வளவுதான். அவர் அரசியல் பேசியதை நான் வேறெப்போதும் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பலரும், பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழ்ப் பொடியன்களுக்கானது, நமக்கல்ல என்று இருந்தோம். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்தச் சட்டம் 1979இல் மூன்று வருடங்களுக்கென்று வந்தது. விளக்குக்கு வாக்களித்த அதே 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் ஒரு நாள் இரவு காக்காவின் மகனைக் கூட்டிச் சென்றார்கள். மாதக் கணக்கில் தடுப்பில் இருந்தான். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடப்பட்டான். எங்கே போவது, யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் நாங்கள் நின்றபோது வழி சொல்லித் தந்தவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து அம்மா ஒருவர். முப்பது வருடங்களுக்கு முன்பு தன் மகனைத் தேடி அலைந்தவர். எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது. எங்களில் யாரும் அன்று அவரோடு போகவில்லை. அதை அவர் சொல்லிக் காட்டவுமில்லை.

ஜே.ஆர். ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது நமக்கு வசதியானது. தங்கள் சமூகத்தின் குரல் தாங்கள் மட்டுமே என்று சொன்னவர்கள் தமிழரிடமும் இருந்தார்கள், முஸ்லிம்களிடமும் இருந்தார்கள். கேள்வி கேட்டவனைத் துரோகி என்றபோது நாம் கைதட்டினோம், அல்லது வாய் மூடியிருந்தோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு எங்கள் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். அதே மாதங்களில் இந்த மாவட்டத்துத் தமிழ்க் கிராமங்களிலும் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். எவருக்கும் நீதி கிடைக்கவில்லை. நீதியைக் கேட்டுப் போகவேண்டிய இடங்களெல்லாம் அதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பலவீனமாக்கப்பட்டிருந்தன.

ஜே.ஆர். 1989 ஜனவரியில் பதவியைப் பிறேமதாசவிடம் கொடுத்துவிட்டு அமைதியாக வீடு சென்றார். மூன்றாம் முறை கேட்கவில்லை. 1996 நவம்பர் 1இல் தொண்ணூறு வயதில் காலமானார். தன் கண்களைத் தானம் செய்திருந்தார், அதில் ஒன்று ஜப்பானுக்குப் போனது. முழுக்கக் கெட்டவராக அவரைக் காட்டுவது பொய்யாகிவிடும். திறமையும் நல்ல வார்த்தைகளும் உள்ள ஒருவரே, தடுப்பார் இல்லாதபோது எவ்வளவு தூரம் போவார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்வது. தடுக்கவேண்டியவர்கள் வாக்காளர்கள். அதாவது வாப்பாவும் உம்மாவும்.

வாப்பா இறப்பதற்கு முந்தின வருடம் இதைப் பற்றி என்னிடம் ஒருமுறை பேசினார். மகனுக்கு வேலை கேட்டது பிழையில்லை, அதற்கு விலையாக எதைக் கொடுத்தேன் என்று அன்று யோசிக்கவில்லை என்றார். அது தன் வாக்கு மட்டுமல்ல, பேரப்பிள்ளையின் பாதுகாப்பும்தான் என்பதைக் காண அவர் இருக்கவில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறை இன்றும் இருக்கிறது. ஒழிப்பேன் என்று சொல்லி வந்தவர்கள் பலர், ஒழித்தவர் எவருமில்லை. அந்தச் சட்டமும் இருக்கிறது. வீதி, வேலை, கட்டடம் என்று அடுத்த முறை யாராவது வாசலுக்கு வரும்போது வாங்குவதை வாங்குங்கள், அது நம் வரிப்பணம்தான். ஆனால் பக்கத்து ஊர்க்காரனுக்கு எதிராக எழுதப்படும் சட்டத்தை அவர் ஆதரிக்கிறாரா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாக்களியுங்கள். உம்மா குத்தகைக்காரனிடம் எதிர்பார்த்த கணக்கைவிட அது பெரிய கேள்வியல்ல.