டெடி

கல்லூரிப் பதிவேட்டில் நான் பாலசுப்பிரமணியன். நண்பர்களுக்குப் பாலு. என் பாட்டிக்கு மட்டும் மணி. பாட்டி மறைந்த சில மாதங்களுக்குப் பின் விடுதியில் ஒருவர் விளையாட்டாக ‘மணி’ என்று அழைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஏனென்று அப்போது எனக்கே விளங்கவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

அவர் 1858 அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். தந்தையின் பெயரையே பிள்ளைக்கும் இட்டார்கள். கிரேக்க மொழியில் ‘தியோஸ்’ என்றால் கடவுள். ‘டோரன்’ என்றால் கொடை. நம் நாட்டுத் தேவதத்தன் என்னும் பெயருக்கும் ஏறக்குறைய இதுவே பொருள். ஆஸ்துமாவால் மூச்சுத் திணறிய அந்தச் சிறுவனை வீட்டார் ‘டீடி’ என்றனர். பின்னர் அது ‘டெடி’ ஆயிற்று. எட்வர்ட் என்னும் பெயருக்கும் இதே குறுக்கம் உண்டு. குறுகியதில் கொடை என்னும் பாதி பெரும்பாலும் உதிர்ந்துபோனது வேறு செய்தி!

ஹார்வர்டில் பயின்ற காலத்தில் ஆலிஸ் லீ என்னும் பெண்ணைக் காதலித்தார். 1880இல், தம் இருபத்திரண்டாம் பிறந்த நாளன்றே அவரை மணந்தார். ஆலிஸின் வாயில் அவர் டெடிதான். 1884 பிப்ரவரி 12இல் பெண் குழந்தை பிறந்தது. ரூஸ்வெல்ட் அப்போது ஆல்பனி நகரில் சட்டமன்றப் பணியில் இருந்தார். தந்தி கண்டு விரைந்து வந்தார். 14ஆம் நாள், ஒரே வீட்டில், சில மணி நேர இடைவெளியில், தாயும் மறைந்தார், மனைவியும் மறைந்தார். அன்றைய நாட்குறிப்பில் பெரியதொரு பெருக்கல் குறியும் ஒற்றை வரியுமே உள்ளன. பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் ஆலிஸின் பெயரே இல்லை. குழந்தைக்கும் ஆலிஸ் என்றே பெயரிட்டிருந்தும், அப்பெயரைச் சொல்ல நா எழாமல் ‘பேபி லீ’ என்று அழைத்தார். தம்மை எவரேனும் ‘டெடி’ என்றால் அவருக்குப் பிடிப்பதில்லை. ‘கர்னல்’ என்று அழைப்பதையே விரும்பினார்.

ஊர் கேட்குமா? 1901இல் அவர் அதிபரானார். பத்திரிகைகளுக்கு அவர் டெடியேதான். 1902 நவம்பரில் மிசிசிப்பிக்கு வேட்டையாடச் சென்றார். வழிகாட்டியான ஹோல்ட் காலியர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார். கட்டிய விலங்கைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகன்று என்று அதிபர் மறுத்துவிட்டார். (காயம்பட்டிருந்த அந்தக் கரடியைக் கத்தியால் கொன்றுவிடச் சொன்னவரும் அவரே. இதைப் பலர் சொல்வதில்லை.) கிளிஃபோர்ட் பெரிமன் இதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைக் கண்டு, புரூக்ளினில் மிட்டாய்க் கடை நடத்திய மாரிஸ் மிக்டமும் அவர் மனைவியும் துணியால் கரடிப் பொம்மை செய்து ‘டெடியின் கரடி’ என்று பெயர் சூட்டி விற்றனர்.

ரூஸ்வெல்ட் 1919 ஜனவரி 6இல் காலமானார். அவர் கேட்கவே விரும்பாத அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் தங்கை இன்றும் தன் பஞ்சுக் கரடியைத் தூங்கவைக்கிறாள்.