மாட்டின் இரத்தத்தில் ஒரு கணக்கு – விஞ்ஞானி ஹான்ஸ் கிரெப்ஸ்

இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ். மேல்வகுப்பு அண்ணன், அக்காக்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். கிரெப்ஸ் சுழற்சிக்குப் படம் போட்டுப் போட்டே கை வலிச்சிருக்கும்! ஆனா அதுக்கு முன்னாடியே அவர் இன்னொரு சுழற்சியைக் கண்டுபிடிச்சிட்டார். அது நம்ம வீட்டு மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கோட சம்பந்தப்பட்டது. அதனாலதான் இவரைப் பற்றி எழுதுறேன்.

பிறப்பும் படிப்பும்

கிரெப்ஸ் 1900 ஆகஸ்ட் 25 அன்று ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். அப்பா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனும் மருத்துவம் படித்து 1925ல் ஹாம்பர்க்கில் பட்டம் பெற்றார். 1926 முதல் 1930 வரை பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற பெரிய விஞ்ஞானியிடம் உதவியாளராக இருந்தார். உயிருள்ள திசுவை மெல்லிய சீவல்களாக நறுக்கி, அது உயிரோடு இருக்கும்போதே என்ன வேலை செய்கிறது என்று அளக்கும் முறையை அங்கேதான் கற்றார்.

யூரியாவின் வழி

யூரியான்னா நமக்கு வயலுக்குப் போடுற மூட்டைதான் ஞாபகம் வரும். ஆனா நம்ம உடம்பும் மாட்டோட உடம்பும் தினமும் அதே பொருளைச் செய்யுது. புரதம் சிதையும்போது அம்மோனியா வரும். அது விஷம். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடும். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். கல்லீரல் இதை எப்படிச் செய்கிறது என்பதுதான் தெளிவாகத் தெரியாமல் இருந்தது.

கிரெப்ஸ் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, கர்ட் ஹென்செலைட் என்ற மாணவரோடு எலியின் கல்லீரல் சீவல்களை வைத்துச் சோதனை செய்தார். ஆர்னிதைன் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்ததும் யூரியா வேகமாக உண்டானது. ஆனால் ஆர்னிதைன் தீரவில்லை! அது எப்படி? செம்மேட்டுக்கு வர்ற பஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆளை ஏத்திக்கிட்டு வந்து இறக்கிவிட்டுட்டு, அதே பஸ் மறுபடியும் கீழே போகுதில்ல? ஆர்னிதைனும் அப்படித்தான். அம்மோனியாவை ஏற்றி, யூரியாவாக இறக்கிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். 1932ல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்புதான் யூரியா சுழற்சி.

வேலை போனது

அடுத்த வருஷமே பெரிய இடி விழுந்தது. 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கிரெப்ஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஏப்ரல் மாதம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் செய்த ஆராய்ச்சியை யாரும் பார்க்கவில்லை. பிறப்பை மட்டும் பார்த்தார்கள். இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்பக் கோபம் வந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் அவரை அழைத்துக்கொண்டார். 1935ல் ஷெஃபீல்டுக்குப் போனார். 1937ல் சிட்ரிக் அமிலச் சுழற்சியை, அதாவது நாம் பாடத்தில் படிக்கும் கிரெப்ஸ் சுழற்சியைக் கண்டுபிடித்தார். புகழ்பெற்ற நேச்சர் இதழுக்கு அனுப்பினார், அவர்கள் வெளியிடவில்லை. சோர்ந்து போகாமல் வேறொரு இதழில் வெளியிட்டார். 1953ல் அதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது! ஃபிரிட்ஸ் லிப்மன் என்பவரோடு அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1960களில் பால் மாடுகளுக்கு வரும் கீட்டோசிஸ் நோயைப் பற்றியும் எழுதினார். 1981 நவம்பர் 22 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

நம்ம கட்டுத்தறிக்கு என்ன பயன்?

மாடு தின்னும் புரதத்தை அதன் பெரிய வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைக்கும். கூடவே மாவுச்சத்தும் கிடைத்தால், அந்த அம்மோனியாவைக் கொண்டே தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்ளும். பிறகு அந்த நுண்ணுயிர்களே மாட்டுக்குப் புரதமாகும். மாவுச்சத்து பத்தவில்லை என்றாலோ, புரதம் அதிகமானாலோ, மிஞ்சிய அம்மோனியா இரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகும். அப்புறம் கிரெப்ஸ் சொன்ன பஸ்தான்!

அதனால் இரத்தத்தில் யூரியாவை அளந்தால் தீவனம் சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். 100 மில்லி இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் இருப்பது பசுவுக்குப் பொதுவான அளவு. ரொம்பக் குறைந்தால் புரதம் பத்தவில்லை என்று சந்தேகப்படலாம். ரொம்பக் கூடினால் புரதம் அதிகம், அல்லது கூட வைக்கும் மாவுத்தீனி குறைவு. இரத்தத்திலிருந்து யூரியா பாலிலும் இறங்குவதால், ஊசி குத்தாமல் பாலை வைத்தும் பார்க்கலாம். ஆனால் தீனி தின்ற நேரத்தைப் பொறுத்து அளவு மாறும். சிறுநீரக நோய் இருந்தாலும் கூடும். ஒரு மாட்டை ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது. கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து அதிகம், புரதம் குறைவு. கடலைப் புண்ணாக்கில் புரதம் அதிகம். ஒண்ணை மட்டும் அள்ளிப் போட்டா மாடு பால் கொடுத்துடாது. நம்ம ஊருக்குப் புண்ணாக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருது. கணக்கில்லாமப் போட்டா அந்தக் காசு கோமியமாத்தான் போகும். யூரியாவாக மாற்றுவதற்கும் மாட்டின் சக்தி செலவாகும். பாலுக்குப் போக வேண்டிய சக்தி அது.

முக்கியமான எச்சரிக்கை: உடம்பில் யூரியா உண்டாகிறதே என்று வயலுக்குப் போடும் யூரியாவை மாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. நக்கித் தின்றால் வயிற்றில் அம்மோனியா ஏறி மாடு செத்துக்கூடப் போகும்.

மலைக்குக் கீழே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவங்களும் இந்த யூரியா சுழற்சியைப் படிச்சுத்தான் டாக்டராகிறாங்க. வேலையிலிருந்து துரத்தினவங்களால கிரெப்ஸின் கண்டுபிடிப்பைத் துரத்த முடியல. நம்ம வாழவந்தி நாட்டிலிருந்தும் அந்தக் கல்லூரிக்கு நிறையப் பேர் படிக்கப் போகணும் என்பது என் ஆசை.