தோல்வியை மறைக்காத மேதை இராமானுஜன்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகுங் காலத்திலே, நமது கண்டி மாநகரிலும் சூழவுள்ள தோட்டங்களிலும் சில வீடுகளில் மௌனம் குடிகொள்வதுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகம் இவ்வளவு அருகிலிருந்தும் எட்டாத தூரமாகிவிட்டதே என்று ஏங்கும் வாலிபர்களுக்குக் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் சரித்திரம் நல்ல துணையாகும்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்த இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதுபவர், வறிய குடும்பம். 1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளம் பறிபோயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். நோயுற்று இடையிலே வீடு திரும்பினார். 1907இலும் எப். ஏ. பரீட்சை கைகூடவில்லை. கல்லூரிக் கதவு அடைபட்டது.

காகிதம் வாங்க வசதியின்றிக் கற்பலகையிலே கணக்கிட்டு, முடிவை மாத்திரம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார். 1910இல் அப்புத்தகத்துடன் பெரியோர் வாயில்களைத் தட்டினார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசாமி ஐயரும், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவும் சான்றிதழைத் தேடாமற் புத்தகத்தைப் பார்த்தார்கள். ராவ் அவர்கள் மாதந்தோறும் பணமும் உதவினார்.

1912 பெப்ரவரியிற் சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில், இடர்களால் எப். ஏ. படிப்புடன் நின்றுவிட்டதை ஒளிக்காமற் சொன்னார். கணிதத்தில் உழைத்து வருவதையுஞ் சொன்னார். மாதம் 30 ரூபா சம்பளத்தில் இலிகிதர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியிற் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும், தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பில்லை என்பதை ஆரம்பத்திலேயே கூறி, தாம் கண்ட தேற்றங்களை இணைத்து அனுப்பினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1914இற் கேம்பிரிட்ஜ் சென்றார்; 1916இல் ஆராய்ச்சியினாலே பட்டம் பெற்றார்; 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். 1920 ஏப்ரல் 26இல், தமது 32ஆவது வயதில் மறைந்தார்.

எல்லோரும் இராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்லி, செய்த வேலையைக் காட்டி, மீண்டும் ஒருமுறை கேட்பது எவர்க்கும் இயலும். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், உயர்தரச் சித்தி பெறாதவர்க்கும் அடிப்படைக் கற்கைநெறி மூலம் வழி திறந்திருக்கிறது. வாலிபர்களே, தோல்வியை மறைக்காதீர்கள், உழைப்பையும் மறைக்காதீர்கள். பெரியோர்களே, ஒரு குறிப்புப் புத்தகத்துடன் எவரேனும் உங்கள் வாயிலில் வந்து நின்றால், அதனைத் திறந்து பாருங்கள்.