வெறுங்கால் வீரர் முகமது சலீம்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் இலவந்தோப்புகளும் மாந்தோப்புகளும் உள்ளன. மேலே ஏறினால் காப்பித் தோட்டங்களைக் காணலாம். அவற்றிற்கும் அப்பால் ஏலக்காய் விளையும் குளிர்ந்த காடுகள் பரந்து கிடக்கின்றன. அம்மலைத் தொடரிலேயே உள்ள மூணாற்றின் தேயிலைக்கும் ஒரு காலத்தில் போடியே வாயிலாக விளங்கியது. டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடியை அடைந்து, பின்னர்க் கடல் கடந்து செல்லும். பெட்டிகள் இறங்கிய அம்மலைகளின்மீது சமவெளித் தமிழர் கூலி வேலை நாடி ஏறிச் சென்றனர். அவர்களுள் பலர் காலில் செருப்பும் அணிந்ததில்லை.

அத்தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் தலைமையிடம் அக்காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகராக இருந்தது. 1941-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பெயரால் மூணாற்றில் தோட்டத் தொழிலாளர்களுக்கெனக் கால்பந்துப் போட்டி ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தியர் ஒருவர் அதே கிளாஸ்கோ நகரின் பந்தாட்டக் களத்தில் வெறுங்காலோடு நின்றார். முகமது சலீம் என்பது அவர் பெயர்.

சலீம் 1904-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதியில் பிறந்தார். அரசிழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடம் அது. சலீமின் குடும்பமோ எளிய குடும்பம். பிற்காலத்தில் அவர் மருந்து கலக்கும் தொழிலில் பயிற்சி பெற்றார். ஆனால் அவர் உள்ளம் பந்தையே நாடியது.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், மோகன் பகான் என்னும் இந்தியக் குழு ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. வென்றவர் பதினொருவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடியவர்கள். நாட்டை ஆண்டவரை நாட்டு மக்கள் நேர் நின்று வெல்ல இயன்ற இடம் அக்காலத்தில் பந்தாட்டக் களம் ஒன்றே. கல்கத்தா நகரமே அன்று களிப்பில் மூழ்கியது. சலீமுக்கு அப்போது வயது ஏழு.

வெறுங்காலால் ஆடுவதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பந்தின் சுழற்சியைக் கால்விரல் நேரே உணரும்; தோல் காலணிக்குள் அடைபட்ட காலுக்கு அந்நுண்மை வாய்ப்பதரிது. ஆனால் மழைக்காலத்தில், களம் சேறான போது, வெறுங்கால் வழுக்கும். எதிரியின் காலணி மிதித்தால் விரல் நசுங்கும். சலீம் அந்நன்மையைத் தம் கலையாக வளர்த்துக்கொண்டார். வலப்புற ஓரமாக விரைந்து, தடுப்பவரைக் கடந்து, நடுவிலுள்ளவருக்குப் பந்தைக் கொடுப்பது அவர் பணி.

பல கழகங்களில் ஆடிய பின், அவர் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்திற்குத் திரும்பினார். 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியக் கழகமும் முதலிடம் பெற்றதில்லை. 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அதனைப் பெற்றது. அவ்வாண்டு முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் சீன நாட்டுக் குழு கல்கத்தாவில் இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆட வந்தது. முதல் ஆட்டத்தில் சலீமின் திறமையைக் கண்டு சீனரே பாராட்டினர். இரண்டாம் ஆட்டத்தில் அவரைக் காணோம்! செய்தித்தாளில் விளம்பரம் செய்து தேடினர். அவரோ கப்பலில் இருந்தார். பிரிட்டனில் வாழ்ந்த உறவினர் ஹாசிம், கல்கத்தாவில் அவர் ஆடியதைக் கண்டு, ஐரோப்பாவில் தம் ஆற்றலைச் சோதித்துப் பார்க்குமாறு வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றார். குழுவினரிடம் சொல்லாமற் சென்றது முறையன்று என்பார் உளர்; அவர்கள் கூறுவதிலும் நியாயம் உண்டு. ஆயினும் முப்பத்திரண்டாம் வயதில் வந்த வாய்ப்பு மறுமுறை வருவதன்று.

கெய்ரோ வழியாக லண்டனை அடைந்த இருவரும் அங்கிருந்து கிளாஸ்கோவிற்குச் சென்றனர். அந்நகரின் செல்டிக் கழகம் ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டும் நோக்கத்தோடு தோன்றியது. 1936-இல் ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்று பெருமிதத்தோடு இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதனை நடத்தி வந்த வில்லி மேலியிடம் ஹாசிம் சென்று, இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் வந்திருக்கிறார், அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று கூறினார். ஸ்காட்லாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிரே வெறுங்காலா என்று மேலி திகைத்தார். எனினும் மறுக்கவில்லை. சோதனையில் சலீம் பந்தைக் கையாண்ட விதத்தைக் கண்டவர் அனைவரும் வியப்புற்றனர். கழகம் அவரை ஆட அழைத்தது.

அக்காலத்து நிழற்படம் ஒன்று இன்றும் உள்ளது. சலீம் அமர்ந்திருக்கிறார், அவர் பாதத்திற்குத் துணிக்கட்டுப் போடுகிறார் ஜிம்மி மக்மெனமி. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தே கொண்டாடிய ஆட்டக்காரர் அந்த மக்மெனமி. அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பாதத்தை ஆளும் நாட்டின் புகழ்பெற்ற வீரர் தம் கையில் ஏந்தியிருக்கும் காட்சி அது.

சலீம் ஆடியவை இரண்டு ஆட்டங்களே. ஹாமில்டன் குழுவைச் செல்டிக் ஐந்துக்கு ஒன்று என்றும், கால்ஸ்டன் குழுவை ஏழுக்கு ஒன்று என்றும் வென்றது. இவை கழகத்தின் முதன்மைக் குழு ஆடிய ஆட்டங்கள் அல்ல. அலையன்ஸ் லீக் என்னும் இரண்டாம் நிலைத் தொடரைச் சேர்ந்தவை. இவ்வுண்மையை மறைத்துப் புகழ்வது சலீமுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. ஆகஸ்டு 28-ஆம் நாள் நடந்த கால்ஸ்டன் ஆட்டத்தைப் பற்றி மறுநாள் ஸ்காட்லாந்துச் செய்தித்தாள் ஒன்று அவரை வித்தைக்காரர் என வருணித்தது. பெருவிரலில் பந்தை நிறுத்திச் சிறுவிரல் வரை உருட்டுகிறார். ஒற்றைக் காலால் தத்தித் தடுப்பவரைச் சுற்றி வருகிறார். ஏழு கோல்களில் மூன்று அவர் கொடுத்த பந்தால் விளைந்தவை என்று அது எழுதியது. பெனால்டி உதையை அடிக்குமாறு அவரை வேண்டியபோது நாணத்தால் மறுத்துவிட்டார் என்றும் அச்செய்தி கூறியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிறர் கூறுவதை ஹாசிமே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மொழி அறியாத ஊரில் பல்லாயிரவர் கைதட்டினாலும் மனிதன் தனியனே.

சில மாதங்களில் சலீமுக்கு ஊர் நினைவு மிகுந்தது. ஓர் ஆண்டேனும் தங்குமாறு கழகத்தார் வேண்டினர், அவர் உடன்படவில்லை. அவர் பொருட்டு அறக்கொடை ஆட்டம் ஒன்று நடத்தி, வரும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகக் கூறினர். அப்பங்கினை ஆட்டத்தைக் காண வரவிருந்த அனாதைக் குழந்தைகளுக்கே அளித்துவிடச் சொன்னார் சலீம் என அவர் குடும்பத்தார் கூறி வந்தனர். பின்னர் இந்தியா திரும்பி, மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கருப்பு வெள்ளைச் சட்டையை அணிந்து, 1937, 1938 ஆண்டுகளின் வெற்றிகளிலும் பங்குகொண்டார்.

ஆண்டுகள் பல கடந்தன. முதுமையில் சலீம் நோயுற்றார். அவர் மகன் செல்டிக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதி, தந்தையின் மருத்துவத்திற்குப் பணம் தேவைப்படுவதாகத் தெரிவித்தார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று; இரண்டே ஆட்டங்கள் ஆடிய ஒருவரை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனரா என்று அறியவே அவ்வாறு எழுதினார். கிளாஸ்கோவிலிருந்து மறுமொழி வந்தது. அதனுள் நூறு பவுனுக்கான வங்கி வரைவோலை இருந்தது.

1980-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் சலீம் காலமானார். அவ்வரைவோலையை மகன் வங்கியில் கொடுத்துப் பணமாக்கவில்லை. பாதுகாத்து வைத்துக்கொண்டார்.