தமிழ்த் தாத்தாவிடம் நாம் கற்கும் பாடம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

தமிழ்த் தேர்வில் நமக்கெல்லாம் அச்சம் தரும் வினா ஒன்று உண்டு. பாடலைக் கொடுத்து, அதன் நயம் பாராட்டுக என்று கேட்பார்கள். திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி, சுவை என்று தலைப்புகளை வரிசையாக எழுதி, உரைநூலில் மனப்பாடம் செய்ததை அவற்றின் கீழே நிரப்பிவிடுவது நம் வழக்கம். சென்ற அரையாண்டுத் தேர்வில் நாங்கள் படித்திராத பாடல் ஒன்று வந்தது. எங்களில் பலர் வேறொரு பாடலுக்கு மனப்பாடம் செய்திருந்த நயத்தை அப்படியே எழுதிவிட்டோம். பாடலில் இருந்தது மழை. நாங்கள் பாராட்டியது நிலவு! தமிழாசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. விடைத்தாளைத் திருப்பித் தந்து, இந்த நிலவு பாடலில் எந்த அடியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, இலக்கியத்தை எப்படிப் படிப்பது என்பதை ஒருவர் வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அவர்தாம் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

இளமையும் ஆசிரியரும்

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சோழநாட்டில் உள்ள சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். தாயார் சரசுவதி அம்மையார். வீட்டில் செல்வம் இல்லை. மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பாரைத் தேடித் தந்தையார் ஊர் ஊராகக் குடும்பத்தை அழைத்துச் சென்றார். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும், வடமொழி படித்தால் மதிப்புக் கிடைக்கும், தமிழ் படித்து என்ன கிடைக்கும் என்று உறவினர் கேட்ட காலம் அது.

1871-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே காகிதமும் கரும்பலகையும் இல்லை. ஆசிரியர் நினைவிலிருந்து பாடல்களைச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஓலையில் எழுதுவார். வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் என்று நிலைத்ததும் இந்த ஆசிரியரிடம் வந்த பின்னரே. 1876-இல் பிள்ளையவர்கள் மறையும் வரை அவர் அருகிலேயே இருந்தார் சாமிநாதர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. குடும்பத்தின் துன்பம் தீர்ந்தது. அத்துடன் அவர் நின்றிருந்தால் நல்ல தமிழாசிரியர் ஒருவர் என்று மட்டுமே அவரைச் சிலர் நினைவில் வைத்திருப்பர்.

ஒரு கேள்வி

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்துக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண அவர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று இவர் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றைப் படித்ததால் என்ன பயன் என்று கேட்டார். சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்றார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு படித்தும் நாம் படிக்கவேண்டியவை வெளியே கிடக்கின்றனவே என்ற எண்ணம் அந்த இருபத்தைந்து வயது ஆசிரியரின் உள்ளத்தைத் தைத்தது.

இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் பேச்சே இல்லை. படித்து என்ன பயன் என்ற கேள்வி தேவிகாபுரத்துப் பெண்களுக்குப் புதியதன்று. நாங்கள் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளி விட்டதும் பாவு பிணைக்கவும் ஊடை சுற்றவும் உட்காருகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பு முடியுமோ என்று அஞ்சுபவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் சாமிநாதையர் சினந்து எழுந்து போகவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் சென்று படிக்கத் தொடங்கினார்.

கேட்டுக் கற்றல்

படித்தார், புரியவில்லை. சிந்தாமணி திருத்தக்க தேவர் இயற்றிய சமண காப்பியம். அதில் வரும் சமயச் சொற்கள் சைவ மடத்தில் தமிழ் கற்றவருக்கு விளங்கவில்லை. தாம் கல்லூரி ஆசிரியராயிற்றே என்று அவர் கூச்சப்படவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். முதன்முதல் போன நாளில் அவ்வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. விசாரித்தால், சிந்தாமணியை முறையாகப் படித்து நிறைவு செய்த கொண்டாட்டமாம்! புலவர்கள் மறந்த நூலைச் சில குடும்பங்கள் வீட்டில் வைத்துப் படித்து வந்தன.

இதைப் படித்ததும் நம் ஊர்ப்பக்கத்தை நினைத்துக்கொண்டோம். ஆரணி, வந்தவாசி வட்டாரச் சிற்றூர்களில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கிறார்கள். போளூருக்கு அருகே திருமலையில் அவர்களுடைய பழைய கோயிலும் குகை ஓவியங்களும் உள்ளன. அவர்கள் முன்னோர் காத்த நூல்களை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்.

ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. மணிமேகலையை ஆராய்ந்தபோதும் இவ்வாறே நடந்தது. அது பௌத்த காப்பியம். பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் கற்றிருந்த அரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டு அச்சமயக் கருத்துகளைத் தெளிந்த பின்னரே 1898-இல் அதை வெளியிட்டார். ஒரு நூலைப் புரிந்துகொள்ள, அந்நூலை எழுதியவரின் நம்பிக்கையை முதலில் மதிப்போடு அறியவேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

ஏட்டில் இருந்த புதிர்கள்

ஓலைச்சுவடியைப் படிப்பது நம் புத்தகத்தைப் படிப்பது போன்றதன்று. எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். பட்டு என்ற சொல்லும் படடு என்றே தோன்றும். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ஊரில் இருந்தது எரியா, ஏரியா என்பதை முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இந்தக் குழப்பத்தை நீக்க எழுத்தின் வடிவிலேயே வேறுபாடு செய்தவர் நம் வீரமாமுனிவர். பழைய சுவடிகளோ அச்சீர்திருத்தம் அறியாதவை. சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. பாடல் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது.

ஆகவே ஒரே நூலின் பல பிரதிகளை ஐயர் தேடினார். வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். ஓரிடத்தில் செல் அரித்த ஓலை. ஓரிடத்தில் ஆற்றில் விட்டுவிட்டதாகப் பதில். கிடைத்த பிரதிகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களைக் குறித்து, பொருளுக்கும் ஓசைக்கும் பொருந்துவதைத் தெரிந்தெடுத்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் வேறு நூல்களின் அடிகளைப் பெயர் சொல்லாமலே எடுத்துக்காட்டியிருந்தார். அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடிப்போனதே ஐயருக்குப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் வாயிலைத் திறந்தது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்குகிறார். தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த மலர்கள் அவை. ஐயரிடம் இருந்த ஏடுகளில் சில மலர்களின் பெயர்கள் சிதைந்து போயிருந்தன. அதனால் என்ன குறை என்று நம்மைப்போல் அவர் விட்டுவிடவில்லை. தேடித் தேடித் தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அவற்றைக் கண்டார். 1889-இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. தொடர்ந்து 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் வந்தன.

நமக்குரிய பழக்கங்கள்

அவர் வாழ்க்கையிலிருந்து நாங்கள் வகுப்பில் நான்கு பழக்கங்களை எழுதி வைத்தோம்.

முதலாவது, பாடலை உரைக்கு முன் படிக்கவேண்டும். அதுவும் வாய்விட்டுப் படிக்கவேண்டும். எதுகையும் மோனையும் காதில் விழுந்த பிறகே தாளில் எழுத வேண்டும்.

இரண்டாவது, யார், யாரிடம், எந்த வேளையில், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்கவேண்டும். பாண்டியன் அவையில் கண்ணகி பேசும் சொல்லும், கோவலனிடம் அவள் பேசும் சொல்லும் ஒன்றல்ல. வழக்குரைக்கும் இடத்தில் சொல் சுருங்கிக் கூர்மையாகிறது. கேட்போர் மாறும்போது பேச்சு மாறுவதைக் காண்பதே சொற்றிறத்தை அறிதல்.

மூன்றாவது, அணியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அந்த அணி அங்கே செய்யும் வேலையைச் சொல்லவேண்டும். முகம் மலர் போன்றது என்றால் உவமை என்று நாம் நிறுத்திவிடுகிறோம். மலர்ச்சியைச் சொல்கிறாரா, வாடிவிடும் என்று அஞ்சுகிறாரா என்று பார்ப்பதே நயம். முந்தானையில் மயில் இருக்கிறது என்று யாரும் சொல்வார்கள். எந்த இழை மேலே வந்ததால் மயில் தெரிகிறது என்பது நெய்பவருக்குத்தான் தெரியும்.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் கேட்கவேண்டும்.

முடிவுரை

1903-இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. எண்பது வயதைக் கடந்த பின்னும், 1937-இல் குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டார். தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதிவந்தவர், அது முற்றுப்பெறுமுன் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். தமிழுலகம் அவரைத் தாத்தா என்று உறவுசொல்லி அழைக்கிறது.

படித்து என்ன பயன் என்ற கேள்விக்கு அவர் வாயால் விடை கூறவில்லை. அறுபதாண்டு உழைத்துக் காட்டினார். எங்களில் யார் கல்லூரிக்குச் செல்வோம், யார் தறிக்குத் திரும்புவோம் என்பது இறைவனுக்கே தெரியும். எங்கிருந்தாலும் ஒரு பாடலையோ, ஒரு பத்திரத்தையோ, ஒருவர் மேடையில் பேசும் பேச்சையோ நாமே படித்து, நாமே பொருள் கண்டு, இது எந்த அடியில் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. அடுத்த தேர்வில் எங்கள் மதிப்பெண் கூடுமோ கூடாதோ, பாடலில் இல்லாத நிலவை இனி நாங்கள் பாராட்டமாட்டோம்.